சித்தப்பாவுக்காக ஒரு டெல்டா பயணம்

வெள்ளி: திருச்சி, முக்கொம்பு, கல்லணை

சித்தியும் அவர் மகளான என் தங்கையும் கனடாவிலிருந்து இன்று அதிகாலை திருச்சியில் இறங்கினார்கள். சித்தப்பாவின் அஸ்தி சித்தியின் தோள்பையில் இருந்தது. தகனச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

அஸ்தியைக் கொடியக்கரையில் கரைப்பதாக முடிவு. எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கத்தில் ஒரு கிராமம். விமான நிலையத்திலிருந்து நேரே காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ஊர் போய்விடலாம். தங்கைதான் ஆற்றோடு போகலாம் என்றாள். அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது சித்தப்பா ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறார். மேலே முக்கொம்பு, அடுத்து கல்லணை, அங்கிருந்து பிரிந்து பிரிந்து இறங்கும் ஆறுகள், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஷட்டர், எல்லாவற்றுக்கும் கீழே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் ஊர். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வளர்ந்த பெண்ணுக்கு வெண்ணாறும் பாமணியாறும் மனப்பாடம், பார்த்ததுதான் இல்லை.

சித்தப்பாவைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்தார். பொதுப்பணித் துறையில் வெண்ணாறு வடிநிலக் கோட்டத்தில் உதவிப் பொறியாளராகச் சில ஆண்டுகள் இருந்தார். முப்பது வயதுவாக்கில் கனடா போனார். டொராண்டோ மாநகராட்சியின் குடிநீர்த் துறையில் ஓய்வு பெறும்வரை வேலை. சனிக்கிழமைகளில் ஒரு பொது நூலகத்தில் உட்கார்ந்து, புதிதாக அந்த நாட்டுக்கு வந்த பொறியாளர்களுக்குத் தொழில் உரிமம் வாங்க உதவினார். போன கார்த்திகையில் காலமானார்.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணை இங்கேதான் இருந்தது. 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது இடிந்து வெள்ளத்தோடு போயின. அன்று டொராண்டோவிலிருந்து சித்தப்பா அப்பாவுக்குப் போன் செய்தது எனக்கு நினைவிருக்கிறது. "182 வருஷம் நின்ன கட்டடம்ணே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆற்றில் மணல் குறைந்தால் படுகை இறங்கும், படுகை இறங்கினால் அடித்தளத்துக்குப் பிடிமானம் போகும் என்று அப்பாவுக்கு அரை மணி நேரம் விளக்கினார். வீட்டில் ஒரு சாவு விழுந்தது மாதிரி இருந்தது அவர் குரல். இப்போது புதுக் கதவணை நிற்கிறது. தங்கை நிறையப் படம் எடுத்தாள்.

கல்லணைக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. தை மாதக் கடைசி வாரங்கள் இங்கே ஆற்றை மூடும் காலம். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால் தண்ணீர் அடங்கித்தான் ஓடியது. சிமெண்டும் கம்பியும் இல்லாத காலத்தில், ஆழம் தெரியாத மணலில் கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலே போட்டு எழுப்பிய அணை. மணலில் அடித்தளம் போடும் வழியை இதைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டனே எழுதியிருக்கிறார். அதை வைத்துத்தான் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். வெளியூரிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் உள்ளூர்க்காரனிடம் பாடம் கேட்டதை ஒப்புக்கொண்டாரே, அதுதான் சித்தப்பாவுக்குப் பிடித்தது. அவரும் வெளியூர் போன இன்ஜினியர்தானே.

இங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. தங்கை படத்தை விரித்து ஒவ்வொன்றாகக் கை காட்டினாள். சித்தி யானைமேல் உட்கார்ந்திருக்கும் கரிகாலன் சிலைக்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்து, "இதை எத்தனை தடவை சாப்பாட்டு மேசையில உப்பு டப்பாவையும் ஸ்பூனையும் வச்சுக் காட்டியிருக்காரு" என்றார்.

சனி: தென்பெரம்பூர், நீடாமங்கலம்

காலையில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு மணி நேரம். அதைப் பற்றி எழுத எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. அங்கிருந்து வெண்ணாற்றோடு நீடாமங்கலம் வந்தால் மூணாறு தலைப்பு. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் இங்கே பிரிகின்றன. சித்தப்பா இளவயதில் வேலை பார்த்த பகுதி இது. அப்பா ஏற்பாட்டில் ஒரு பெரியவர் எங்களுக்காகக் காத்திருந்தார். லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரை ஏற்றி இறக்குவதும் கரையைக் காப்பதும் அவர் வேலையாக இருந்தது. எண்பது வயது இருக்கும். தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே, "எங்க சார் பொண்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன் (தண்ணீர் முதலில் வந்து சேரும் மேல்பகுதி தலைமடை, கடைசியில் போய்ச் சேரும் கீழ்ப்பகுதி கடைமடை):

"அந்த வருஷம் மேட்டூர்ல தண்ணி கம்மி. மொற வச்சுத்தான் விட்டாங்க. மொற வச்சா மேல இருக்கறவன் பாய்ச்சிட்டுத்தான் கீழ விடுவான், அதான் நடமொற. சார் வந்தாரு. மேல் மதகெல்லாம் அடைங்க, கடைமடையிலேர்ந்து ஆரம்பிங்கன்னுட்டாரு. மேல போர்வெல் இருக்கு, பத்து நாள் தாங்கும். கீழ போர் போட்டா உப்புத் தண்ணி, அவனுக்கு ஆறு வந்தாத்தான் உண்டும்பாரு. மேல இருக்கறவங்க மனு கொண்டு போனாங்க, சண்டைக்கு வந்தாங்க. சார் ஒண்ணும் பேசல. ராத்திரி ஷட்டர் பக்கத்துலயே கயித்துக் கட்டிலப் போட்டுப் படுத்துட்டாரு. கடைசி ஊருக்குத் தண்ணி போயிடுச்சுன்னு ஆள் வந்து சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போனாரு."

தங்கை ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். காரில் ஏறிய பிறகுதான் பேசினாள்.

இன்று சனிக்கிழமை என்பதால் அவள் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கனடா 1967-இல் குடியேற்றத்துக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. படிப்புக்குப் புள்ளி, மொழிக்குப் புள்ளி, தொழிலுக்குப் புள்ளி. சித்தப்பா அப்படித்தான் போனார். விசா வாங்கும்போது அவருடைய இன்ஜினியரிங் பட்டத்துக்கு மதிப்பு இருந்தது. போய் இறங்கிய பிறகு, அதை வைத்து இன்ஜினியர் என்று கையெழுத்துப் போட முடியவில்லை. ஒன்டாரியோவில் உரிமம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் தனித் தேர்வுகள் எழுதச் சொல்லலாம். சட்டமும் தொழில் ஒழுங்கும் பற்றி ஒரு தேர்வு. எல்லாவற்றுக்கும் மேலே, உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் கனடாவிலேயே பன்னிரண்டு மாதம் வேலை செய்த அனுபவம். உரிமம் இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை இல்லாமல் உரிமம் கிடைக்காது. ஆற்றுக்கு ஷட்டர் திறந்த மனிதர் முதல் சில ஆண்டுகள் ஒரு கிடங்கில் இரவுப் பணியில் பெட்டி அடுக்கினார். விடியற்காலையில் வந்து பாடப் புத்தகத்தைத் திறப்பார் என்று சித்தி சொன்னார்.

உரிமம் கிடைத்து மாநகராட்சி வேலையும் கிடைத்த பிறகு, அடுத்த ஆண்டே நூலகத்தில் மேசை பிடித்துவிட்டார். பலகை கிடையாது, சங்கம் கிடையாது. சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் அங்கே இருப்பார் என்று வாய்வழியாகத் தெரியும். அந்தப் பகுதியில் பெரும்பாலும் ஈழத்திலிருந்து போன தமிழர்கள். பேராதனையில் படித்துவிட்டு டாக்ஸி ஓட்டியவர்கள், உணவகத்தில் பாத்திரம் கழுவியவர்கள். கோயம்புத்தூரிலிருந்து போய்ப் பிள்ளை பெற்று, தொழிலை விட்டுவிட்ட பெண்கள். பஞ்சாபிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களுடைய பழைய வேலையை உரிமக் குழுவுக்குப் புரியும்படி எழுதவைப்பதுதான் முக்கிய உதவி. "பாலம் கட்டினேன்" என்று எழுதினால் போதாது. எந்தச் சுமைக்கு எந்தக் கணக்குப் போட்டாய், எந்த முடிவை நீயே எடுத்தாய், தவறினால் என்ன ஆகியிருக்கும்? இதையெல்லாம் கேட்டுக் கேட்டு வெளியே எடுப்பார். ஊரில் செய்த வேலையை வெட்கத்தோடு சுருக்கிச் சொல்பவர்களிடம், "நீங்க செஞ்சது பெரிய வேலை, முழுசாச் சொல்லுங்க" என்பாராம். பலர் அழுதுவிடுவார்கள் என்றாள் தங்கை. அவள் அதே மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தவள்.

"அப்பா வரிசை பார்க்க மாட்டாங்கண்ணா. யார் கடைசியா நாட்டுக்கு வந்தாங்களோ அவங்கள முதல்ல கூப்பிடுவாங்க. ஒரு தடவை காலையிலேர்ந்து காத்திருந்த ஒருத்தர் கோபப்பட்டார். நீங்க தலைமடை, உங்களுக்குத் தண்ணி வந்துரும்னு அப்பா சொன்னாங்க. அவருக்கும் புரியல, எனக்கும் புரியல. இன்னிக்கு அந்தத் தாத்தா சொன்னப்பதான்..."

அதற்கு மேல் அவள் முடிக்கவில்லை. சித்தி முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "எல்லாம் சரிதான். எனக்குன்னு ஒரு சனிக்கிழமை இருந்ததில்ல." அதையும் இங்கே எழுதச் சொன்னதும் அவர்தான். அந்தச் சனிக்கிழமைகளில் கடையும் வீடும் பிள்ளையும் சித்தியின் தலையில்தான். நூலகத்துக்கு வந்தவர்களில் பலர் அப்புறம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சமைத்ததும் அவர்தான்.

கனடா அனுபவம் வேண்டும் என்ற அந்த நிபந்தனையை 2023 மே மாதம் ஒன்டாரியோவில் எடுத்துவிட்டார்கள். சித்தப்பா உயிரோடு இருந்து அதைப் பார்த்தார். அன்று மாலை நூலகத்துப் பழைய ஆட்கள் எல்லாரும் போன் செய்தார்களாம்.

ஞாயிறு: திருவாரூர், ஊர்

கோயில் குளமான கமலாலயத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று திருவாரூரைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு வேலி ஆறு ஏக்கர் அறுபத்தேழு சென்ட், அப்படியென்றால் குளம் முப்பத்து மூன்று ஏக்கர் என்று சித்தப்பா கணக்குப் போட்டுக் காட்டியது எனக்கே நினைவிருக்கிறது. கோயிலுக்குள் நுழைவதற்கு முன்னால் வரத்து வாய்க்கால் எங்கே, வடிகால் எங்கே என்று தேடும் மனிதர்.

திருவாரூரைத் தாண்டினால் நிலம் தாழ்ந்து சமதளமாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. பாதி வயலில் பெல்ட் வைத்த அறுவடை வண்டிகள் ஓடுகின்றன, பாதியில் அறுத்த தாள் மட்டும் நிற்கிறது. ரோட்டின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் திருப்பிவிடுவார்கள், அதனால் பனி விலகியதும் எல்லாரும் நெல்லைப் பரப்பிக் காலால் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வழியில் சித்தி சித்தப்பாவின் வேலையைப் பற்றிப் பேசினார். ஜனவரி ராத்திரிகளில் மைனஸ் இருபதில் தெருவுக்கடியில் குழாய் வெடிக்கும். போன் வரும், போய்விடுவார். அவர் அதிக காலம் இருந்தது ஒன்டாரியோ ஏரிக் கரையில் இருக்கும் ஆர்.சி. ஹாரிஸ் சுத்திகரிப்பு நிலையத்தில். 1941-இல் திறந்தது, பார்த்தால் அரண்மனை என்றுதான் நினைக்கத் தோன்றும் என்கிறார் சித்தி. 2000 மே மாதம் அதே மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் குடிநீரில் ஈ.கோலை கிருமி கலந்து ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். கன மழையில் மாட்டுச் சாணம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது, குளோரின் அளவைச் சரியாகப் பார்க்காமலே பதிவேட்டில் எண் எழுதியிருந்தார்கள். அந்த விசாரணை அறிக்கையைச் சித்தப்பா முழுக்கப் படித்தார். "பார்க்காம எழுதின நம்பர்" என்பது அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வசவு மாதிரி ஆகிவிட்டது. தங்கை வீட்டுப்பாடத்தில் ஏமாற்றினாலும் அதைத்தான் சொல்வார்.

இருட்டுவதற்கு முன் ஊர் வந்தோம். அப்பா வாசலில் நின்றிருந்தார். தம்பியின் அஸ்தியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

திங்கள்: படத்திறப்பு

பள்ளிக்கூடத்துக்கு எதிரே பந்தல். எங்கள் பக்கத்தில் படத்திறப்பு என்றால் மாலை, மைக், பேச்சாளர் பட்டியல் என்று நீளும். சித்தி முன்பே சொல்லிவிட்டதால் பேச்சு குறைவு. படம் தங்கை தேர்ந்தெடுத்தது. மஞ்சள் ஹெல்மெட்டோடு, தோண்டிய தெருக்குழியின் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா, மீசையில் பனி.

அப்பா இரண்டே நிமிஷம் பேசினார். "எனக்குத் தம்பி. எனக்குப் பின்னாடி போக வேண்டியவன், முன்னாடி போயிட்டான். போன் பண்ணா மொத கேள்வி, கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சாண்ணே. ரெண்டாவதுதான் என் முழங்கால் வலி" என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அந்தக் கேள்வியை எல்லாருக்குமே தெரியும்.

பிறகு ஊரின் தென்கோடித் தெருவிலிருந்து ஒரு அம்மா எழுந்து, மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேசினார். கஜா புயல், 2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கத்தில் கரை கடந்தபோது இங்கே மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து தெருக்கள் துண்டிக்கப்பட்டன. உதவி கொண்டுவந்த வண்டிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன, ரோட்டோரத்தில் இருந்தவர்களுக்கே மூன்று முறை கிடைத்தது. சித்தப்பாவும் நூலகத்து நண்பர்களும் பணம் திரட்டி அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் தெருவாரியாகப் பட்டியல் கேட்டார். கடைசித் தெருவிலிருந்து தொடங்கி எழுதச் சொன்னார். தார்ப்பாயும் அரிசியும் கொடுக்கும்போது யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். "எங்க தெருவுக்கு மொதல்ல வந்தது அதுதாங்க. எங்களுக்கு மொதல்ல எதுவும் வந்ததில்ல" என்றார் அந்த அம்மா. உட்காரும்போது சித்தியைப் பார்த்துக் கும்பிட்டார். சித்தி எழுந்து போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார், சாப்பாடு முடியும்வரை அங்கேதான் இருந்தார்.

மாலையில் தங்கையும் நானும் வாய்க்கால் வழியே கடைசி வரை நடந்தோம். இந்தக் கீழ்ப்பகுதியின் கஷ்டம் இரட்டைக் கஷ்டம். தண்ணீர் வராவிட்டால் காயும், மழை கொட்டினால் மேட்டு நில வெள்ளமெல்லாம் இங்கே வந்து நின்று பயிர் அழுகும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் இயக்கு அணைகள் உப்பு நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும் வேண்டும், வெள்ளத்தை வெளியே விடவும் வேண்டும். வாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைத்திருந்தால் இரண்டும் நடக்காது. எங்கள் வாய்க்காலில் அடைத்துத்தான் இருக்கிறது. சித்தப்பா பெயரில் வந்த பணத்தில் ஒரு பகுதியை இதைச் சுத்தம் செய்யக் கொடுக்கலாமா, அல்லது பள்ளிக்கா என்று அப்பாவும் ஊர்க்காரர்களும் ராத்திரி வரை பேசினார்கள். முடிவாகவில்லை. வாய்க்கால்தான் என்பது என் கட்சி, சொல்லியும் விட்டேன்.

வரும் வழியில் உம்பளச்சேரி மாடு ஒன்று கன்றோடு நின்றது. கன்று செம்மையாகப் பிறந்து வளர வளரச் சாம்பல் நிறமாகும் என்று சொன்னதும் தங்கை நம்பவில்லை. மாட்டுக்காரர் வந்து சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

செவ்வாய்: கொடியக்கரை, திருத்துறைப்பூண்டி

காலை ஆறரைக்குக் கடலில் இறங்கினோம். தங்கைதான் கரைத்தாள். அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்க்கரை யாழ்ப்பாணம். சனிக்கிழமை மேசைக்கு முதன்முதலில் வந்தவர்களில் ஒருவர் வல்வெட்டித்துறைக்காரர். இந்தக் கடலின் படம் ஒன்று வேண்டும் என்று சித்தியிடம் கேட்டிருந்தார். எடுத்து அனுப்பினோம். சித்தி கரையேறி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, கிளம்பலாம்" என்றார்.

திரும்பும்போது அகஸ்தியம்பள்ளியில் ரயில் ஏறினோம். சித்தப்பா படிக்கிற காலத்தில் மீட்டர் கேஜில் போய்வந்த தடம் இது. பல ஆண்டுகள் நின்று போயிருந்தது, அகலப் பாதையாக்கி 2023 ஏப்ரலில்தான் மறுபடி வண்டி விட்டார்கள். உப்பளங்கள் தாண்டி, வேதாரண்யம் தாண்டித் திருத்துறைப்பூண்டி வரை மெதுவாகத்தான் போகிறது.

தங்கை ரயிலில் சித்தப்பாவின் கோப்பைத் திறந்தாள். நூலகத்தில் அவர் பயன்படுத்தியது. ஒவ்வொருவருக்கும் கேட்க வேண்டிய கேள்விகள், உரிமக் குழு எதைத் திருப்பி அனுப்பியது, ஏன், எப்படித் திருத்தி எழுதினோம் எல்லாம் கைப்பட எழுதியிருக்கிறார். பெயர்கள் இல்லை. விதிகள் மாறிவிட்டதால் சில பக்கங்கள் பழசாகிவிட்டன. ஆனால் தன் வேலையைத் தானே குறைத்துச் சொல்லும் மனிதரிடம் எப்படிக் கேட்பது என்ற பக்கங்கள் இன்றைக்கும் அப்படியே பயன்படும். பிப்ரவரியிலிருந்து அதே மேசையில் அவரிடம் உதவி பெற்ற மூன்று பேர் முறை போட்டு உட்காரப் போகிறார்கள். அவர்களுக்காக இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்யத் தங்கையும் நானும் ஆரம்பித்திருக்கிறோம்.

நடுவில் நிறையத் தாள்கள் விட்டுப்போயிருக்கின்றன, யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டார். ஸ்கார்பரோவில் அவர் எதிரே எப்போதாவது உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால், அவர் கையால் எழுதிக் கொடுத்த தாள் உங்களிடம் இருந்தால், ஒரு பிரதி எடுத்துச் சித்தியிடம் கொடுங்கள். சித்தி மாசி பிறந்ததும் டொராண்டோ திரும்புகிறார். சனிக்கிழமை போகாதீர்கள், அன்று அவர் தன் தோழிகளோடு வெளியே போவதாகத் திட்டம்.